நெடுந்தூரப் போட்டிக்குச் சைக்கிளுடன் வெளிநாடு செல்வது: கொழும்பிலிருந்து புறப்படுவோருக்கான முழுமையான வழிகாட்டி

நெடுந்தூரச் சைக்கிள் போட்டிக்குப் பதிவு செய்த ஒருவர் தமது கால்களையும் மூச்சையும் மாதக்கணக்கில் பழக்குகிறார். அதே அக்கறை அவருடைய சைக்கிளின் விமானப் பயணத்துக்குக் கிடைப்பதில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, கிடைத்த அட்டைப்பெட்டிக்குள் அது அவசரமாக இறக்கப்படுகிறது. கியர் ஏன் தாவுகிறது, பிரேக் ஏன் உரசுகிறது என்ற கேள்விகள் போட்டிக்கு முந்திய நாள், தெரியாத ஊரின் ஓட்டல் அறையில் எழுகின்றன. அதனால் இந்த வழிகாட்டி ஒரே விதியைத்தான் பல இடங்களில் பொருத்திக் காட்டுகிறது: வெளிநாட்டில் எதையும் முதல் தடவையாகச் செய்யக் கூடாது. பெட்டி கட்டுவது, பிரித்துப் பூட்டுவது, குளிரில் இரவு முழுவதும் மிதிப்பது என எல்லாவற்றையும் இலங்கையில் ஒரு தடவையாவது செய்து பார்த்துவிட்டே விமானம் ஏற வேண்டும்.

போட்டியும் நாட்காட்டியும்

2018இல் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் 70.3 போட்டி கொழும்பிலேயே நடந்தபோது, வெளிநாட்டு வீரர்கள் கட்டுநாயக்காவில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவதை நம்மவர் பலர் பார்த்தனர். நாம் செல்லும்போது அதே வழியை எதிர்த் திசையில் கடக்க வேண்டும். எந்தப் போட்டிக்குச் செல்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தயாரிப்பின் நீளம் மாறும். முழு அயர்ன்மேன் போட்டியில் 180 கி.மீ. சைக்கிள் ஓட்டம் ஒரே பகலில் முடிந்துவிடும். அதற்குப் பதிவும் பயணச்சீட்டும் பயிற்சியும் இருந்தால் போதும். பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் அப்படியல்ல. 1891இல் தொடங்கிய இந்தப் பிரெஞ்சு நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம் இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கிறது. கடைசியாக நடந்தது 2023இல், அடுத்தது 2027 ஆகஸ்டில். தூரம் சுமார் 1,200 கி.மீ., அதிகபட்ச நேரம் 90 மணித்தியாலங்கள். ஏற்பாட்டாளரான ஒடாக்ஸ் கிளப் பரிசியன் இதனைப் போட்டி என்று அழைப்பதில்லை. ஆயினும் தயாரிப்பின் கடுமையில் எந்தப் போட்டிக்கும் இது குறைந்ததல்ல என்பதால், இந்த வழிகாட்டியில் இதையே முதன்மை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

இதில் கலந்துகொள்ள, நடக்கும் ஆண்டின் தகுதிக் காலத்துக்குள் பிரெவே எனப்படும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய 200, 300, 400, 600 கி.மீ. சைக்கிள் ஓட்டங்கள் நான்கையும் முடித்திருக்க வேண்டும். அவற்றின் கால எல்லைகள் முறையே பதின்மூன்றரை, 20, 27, 40 மணித்தியாலங்கள். முந்திய ஆண்டில் ஒருவர் முடித்த மிக நீண்ட பிரெவேயைப் பொறுத்தே முன்பதிவு வரிசையில் அவருக்கு இடம் கிடைக்கும் என்பதே 2023 வரையிலான நடைமுறை. ஆகவே 2027ஐக் குறிவைப்பவருக்கு 2026ஆம் ஆண்டும் தயாரிப்பு ஆண்டுதான்.

சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு ஆகிய நகரங்களில் பிரெவே ஓட்டங்கள் ஒழுங்காக நடக்கின்றன. தகுதி ஓட்டங்களில் ஒன்றையாவது சென்னையில் வைத்துக்கொள்ளுமாறு அழுத்தமாகப் பரிந்துரைக்கிறேன். கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானப் பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம்தான். பெட்டி கட்டுதல், எடை போடுதல், சுங்கம், பூட்டுதல், ஓட்டம், மீண்டும் கட்டுதல் என்ற முழுச் சுற்றையும் மொழி தெரிந்த ஊரில், குறைந்த செலவில் ஒத்திகை பார்த்துவிடலாம். பிழை நேர்ந்தால் அங்கே நேரட்டும். பாரிஸில் அதற்கு நேரமில்லை.

விசா, காப்புறுதி, காகிதங்கள்

கடவுச்சீட்டின் செல்லுபடிக் காலத்தை முதலில் பாருங்கள். பிரான்ஸ் உள்ளிட்ட, ஒரே விசாவில் செல்லக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்கு, அங்கிருந்து வெளியேறத் திட்டமிட்ட நாளுக்குப் பின்னரும் குறைந்தது மூன்று மாதங்கள் செல்லுபடியாக இருக்க வேண்டும். வேறு பல நாடுகள் ஆறு மாதங்கள் எதிர்பார்க்கின்றன. புதுப்பிக்க வேண்டியிருந்தால், பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குச் செல்லும் வேலையைப் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்னரே முடித்துவிடுங்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத் திகதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கடைசி எல்லை 15 நாட்களுக்கு முன். அந்தக் கடைசி எல்லையை நம்பியிருக்கக் கூடாது. ஆகஸ்ட் ஓட்டத்துக்கு விசா தேடும் காலம் ஐரோப்பாவுக்குக் கோடை விடுமுறையில் செல்வோர் எல்லாரும் நேர ஒதுக்கீடு தேடும் காலமும்கூட. சிக்கல் இன்னொன்றும் உண்டு: தகுதி ஓட்டங்கள் முடிந்து பதிவு இறுதியாவதற்குள் விசாவுக்கு உகந்த காலம் கடந்துவிடக்கூடும். ஆகையால் முன்பதிவு முடிந்தவுடனேயே ஏற்பாட்டாளரிடம் உறுதிக் கடிதம் கேட்டுப் பெற்று, பிரெவே முடித்த சான்றுகள், தொழில் தரும் நிறுவனத்தின் விடுமுறைக் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றுடன் சேர்த்து வையுங்கள். ஒரு பக்கத்தில் பயண நோக்கத்தை எழுதி இணைப்பது நல்லது. சைக்கிளில் 1,200 கி.மீ. ஓடுவதற்காக ஒருவர் செல்கிறார் என்பது விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரிக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். தெளிவாகச் சொன்னால் விளங்கிக்கொள்வார்.

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கட்டாயம். விசாவுக்குப் போதுமான காப்புறுதி உங்களுக்கும் போதும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான பயணக் காப்புறுதிகளில் விலக்குகள் என்ற பகுதி உண்டு; போட்டிகள், நெடுந்தூர விளையாட்டுகள் அதற்குள் அடங்குகின்றனவா என்று வரி வரியாகப் படியுங்கள். சைக்கிள் பயணப் பொதியாகக் கணக்கிடப்பட்டால், ஒரு பொருளுக்கான உச்சத் தொகை சைக்கிளின் விலையில் சிறு பங்காகவே இருக்கும். இவ்விரண்டையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளுக்கும் காகிதங்கள் வேண்டும். சைக்கிள் சட்டத்தின் (ஃபிரேம்) அடியில் பொறிக்கப்பட்ட தொடரிலக்கம், வாங்கிய ரசீது, நாற்புறமும் எடுத்த படங்கள் ஆகியவற்றைத் தொலைபேசியிலும் அச்சிட்ட தாளிலும் வைத்திருங்கள். விலை உயர்ந்த சைக்கிளானால், புறப்படும்போது கட்டுநாயக்காவில் சுங்க அதிகாரியிடம் அதைக் காட்டி, மீண்டும் கொண்டுவரப்போகும் சொந்தப் பொருள் என்று எழுத்தில் பதிவு பெறுங்கள். திரும்பி வரும் வேளையில் புதிதாக வாங்கி வந்ததோ என்ற கேள்விக்கு அதுவே பதில்.

விமானச் சீட்டு வாங்கும் முன்

விலையைப் பார்த்துச் சீட்டு வாங்கிவிட்டுப் பிறகு சைக்கிளைப் பற்றிக் கேட்பது தவறான வரிசை. சாதாரணப் பயணப் பொதிக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ. என்ற எல்லையை வைத்திருக்கின்றன. சைக்கிள் பெட்டி ஒன்று ஏறத்தாழ 140, 80, 22 செ.மீ. இருக்கும், கூட்டினால் 242. எனவே விளையாட்டுச் சாதனங்களுக்கென ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்கும் தனி விதியே உங்களுக்குப் பொருந்தும். சில நிறுவனங்கள் வழக்கமான எடை அளவுக்குள் இலவசமாக ஏற்கின்றன, சில தனிக் கட்டணம் கேட்கின்றன, முன்கூட்டியே அறிவிக்காவிட்டால் ஏற்றவே மறுப்பனவும் உண்டு. பெட்டியின் அளவுகளையும் எடையையும் எழுதி அனுப்பி, பதிலை மின்னஞ்சலில் பெற்று, அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். தொலைபேசியில் ஒருவர் சொன்னதைச் சரிபார்ப்பு மேசையில் இன்னொருவர் ஏற்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

டோஹா, துபாய் போன்ற இடங்களில் மாறிச் செல்வதானால் முழுப் பயணமும் ஒரே சீட்டில் இருக்கட்டும். தனித்தனிச் சீட்டுகளாக வாங்கினால், நடுவில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டின் விசாவும் தேவைப்படலாம். இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து இயக்கும் பயணத்தில் யாருடைய விதி செல்லும் என்பதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். இணைப்பு நேரம் ஒரு மணித்தியாலம் மட்டும் என்றால் நீங்கள் ஓடிப்போய் ஏறிவிடலாம். பெரிய பெட்டிக்கு அந்த வேகம் வராது. மூன்று மணித்தியால இடைவெளியை நான் குறைந்தபட்சமாகக் கொள்வேன். போட்டிக்கு நான்கைந்து நாட்களுக்கு முன்னர் சென்று சேர்வதற்கும் முதல் காரணம் இதுதான்: தவறிய பெட்டி அடுத்த விமானத்தில் வந்து சேர அந்த நாட்கள் இடம் கொடுக்கும்.

பெட்டி

வன்பெட்டி, மென்பை, அட்டைப்பெட்டி என மூன்று வகை உண்டு. வன்பெட்டி நன்றாகக் காக்கும், ஆனால் அதன் வெறும் எடையே 10 கிலோ அளவில் இருக்கும். பல நிறுவனங்கள் ஒரு பொதிக்கு வைக்கும் 23 கிலோ எல்லைக்குள் சைக்கிளையும் கருவிகளையும் அடக்குவது அதனால் கடினமாகிறது. மென்பை இலகுவானது, உள்ளே திணிப்பைத் திறமையாக வைக்கத் தெரிந்தவருக்கே பொருந்தும். புதிய சைக்கிள் வந்த அட்டைப்பெட்டியைக் கொழும்புச் சைக்கிள் கடைகள் கேட்டால் தருவதுண்டு. அது நான்கு கிலோவைத் தாண்டுவது அரிது. ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்தில் முடியும் போட்டிகளில், தொடக்கத்திலேயே எறிந்துவிட்டுச் செல்லக்கூடியதும் அதுதான். முதல் தடவை செல்பவர் நல்ல அட்டைப்பெட்டியுடன் செல்வதே என் தெரிவு. அடிப்பகுதியிலும் மூலைகளிலும் இரண்டாம் அடுக்கு அட்டை ஒட்டி, கைப்பிடித் துளைகளின் விளிம்பை டேப்பால் பலப்படுத்துங்கள். பிடிக்க இடமில்லாத பெட்டியைச் சுமப்பவர் இழுத்துத்தான் செல்வார்.

ஒரே பொதியின் எடை 32 கிலோவைத் தாண்டினால், மிகைக் கட்டணம் கொடுத்தாலும் பெரும்பாலான விமான நிலையங்களில் ஏற்க மாட்டார்கள்.

ஒரு மாதத்துக்கு முன்: உப்புக்காற்றின் வேலை

இது கொழும்புக்காரருக்கென்றே உள்ள பகுதி. வெள்ளவத்தை மரைன் டிரைவிலும் காலி முகத்திடலிலும் அதிகாலையில் ஓடும் சைக்கிள் ஒவ்வொரு நாளும் கடல் உப்பைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறது. அந்த உப்பு, வியர்வையோடும் ஈரக்காற்றோடும் சேர்ந்து, உருக்கு அச்சுள்ள பெடலை, அது பூட்டப்படும் கையான அலுமினியக் கிராங்குடன் பற்றவைத்ததுபோல் இறுக்கிவிடும். இரண்டு உலோகங்கள் உப்புநீரின் ஊடாகத் தொட்டுக்கொண்டிருக்கும்போது நேரும் அரிப்பு இது. வெளியே துரு எதுவும் தெரியாததால் பெடலைக் கழற்ற முயலும் நாள்வரை யாரும் இதை அறிவதில்லை. அந்த நாள் பெட்டி கட்டும் நாளாக இருக்கக் கூடாது.

புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன் ஒவ்வொரு ஆணியையும் ஒரு முறை தளர்த்திப் பாருங்கள். வலப் பெடல் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் கழலும். இடப் பெடலின் புரி தலைகீழ், அது கடிகாரத் திசையில் கழலும். இறுகியிருந்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, நீண்ட பிடியுள்ள ஸ்பனரால் முயலுங்கள். கழன்றதும் புரியைத் துடைத்து, கிரீஸ் பூசி மீண்டும் பூட்டுங்கள். சீட் போஸ்டும் அப்படித்தான்: அலுமினியத்துக்குக் கிரீஸ், கார்பனுக்கு அதற்கென்று விற்கும் பசை. கார்பன் போஸ்ட்டில் கிரீஸ் பூசினால் அது வழுக்கி இறங்கும்.

புதிய டயர், புதிய செயின், புதிய பிரேக் பேட் எதையும் கடைசி வாரத்தில் மாற்றாதீர்கள். மாற்றி 200 கி.மீ.யாவது ஓடி, குறைகள் வெளிவந்த பின்னரே அவை பெட்டிக்குள் போகத் தகுதி பெறுகின்றன.

கழற்றி அடுக்குதல்

முதலில் கழுவுங்கள். அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை: அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் மண் ஒட்டிய சைக்கிளைத் தடுத்து வைத்துச் சுத்தம் செய்யச் சொல்லும், அங்கே செல்பவர் வருகைப் படிவத்திலும் சைக்கிளைக் குறிப்பிட வேண்டும். டயரின் பள்ளங்கள், பெடலின் அடிப்பகுதி, சப்பாத்தின் அடிப்பகுதி மூன்றும் மறக்கப்படும் இடங்கள்.

அடுத்து அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை, சீட்டின் முனையிலிருந்து ஹேண்டிலின் நடு வரை, ஹேண்டில் உயரம் என மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். சைக்கிள் வந்து சேராவிட்டால் வாடகைச் சைக்கிளை உங்களுக்கு ஏற்றதாக மாற்ற அந்தத் தாள் போதும். சீட் போஸ்ட் சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். ஹேண்டிலைத் தாங்கும் குறுங்குழாயான ஸ்டெம்முடன் ஹேண்டில் சேரும் இடத்திலும் ஒரு சிறு கோடு. இரண்டு மி.மீ. வேறுபாடு 40 கி.மீ. ஓட்டத்தில் தெரியாது; 400ஆவது கி.மீ.யில் முழங்கால் அதைச் சொல்லும்.

கழற்றும் வரிசை இது. செயினைப் பின்பக்கத்தின் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள். பெடல்களைக் கழற்றி ஒரு பையில் இடுங்கள். இரு சக்கரங்களையும் கழற்றியவுடன், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கானால், பிரேக் பேடுகளைத் தாங்கும் காலிப்பருக்குள் பிளாஸ்டிக் இடைத்தகடு ஒன்றை நுழைத்துவிடுங்கள். பயணத்தில் பிரேக் லீவர் எங்கோ அழுந்தினால், இடையே டிஸ்க் இல்லாத பேடுகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பின்னர் சக்கரம் உள்ளே போகாது. இடைத்தகடு இல்லையென்றால் பல மடிப்பாக மடித்த தடித்த அட்டை போதும். டிஸ்க்குகளைச் சக்கரத்திலிருந்து கழற்றி, இரண்டு அட்டைகளுக்கிடையே வைத்துக் கட்டுவது பாதுகாப்பானது. கையால் தொட்டுப் பார்த்தால் எஃகுபோல் உறுதியாகத் தெரியும் டிஸ்க், பக்கவாட்டில் ஒரு அழுத்தம் பட்டாலே வளைந்து, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் உரசும்.

செயினைப் பல்சக்கரங்களுக்கிடையே மாற்றும் பின் டிரெய்லியரும் அது பூட்டியிருக்கும் ஹேங்கர் என்ற சிறு உலோகத் துண்டும்தான் பயணத்தில் அதிகம் பாதிக்கப்படுபவை. ஹேங்கர் வளைவதற்காகவே மென்மையாகச் செய்யப்படுகிறது. அது வளையாவிட்டால் சட்டம் உடையும். ஆனால் மிகச் சிறிய வளைவே கியர் வரிசை முழுவதையும் குழப்பிவிடும். ஆகவே டிரெய்லியரை 5 மி.மீ. அலன் சாவியால் கழற்றி, செயினோடு சேர்த்துப் பழைய சாரத் துணியில் சுற்றி, சட்டத்தின் பின் முக்கோணத்துக்குள் கேபிள் டையால் கட்டிவிடுங்கள். கேபிளைக் கழற்ற வேண்டிய தேவையில்லை. உங்கள் சட்டத்துக்கு மட்டுமே பொருந்தும் மாற்று ஹேங்கர் ஒன்றைக் கட்டாயம் கொண்டு செல்லுங்கள். ஹேங்கர்கள் நூற்றுக்கணக்கான வடிவங்களில் உள்ளன. அங்குள்ள கடையில் உங்களுடையது இருக்கும் என்று நம்பிச் செல்ல முடியாது.

முன் ஃபோர்க்கின் இரு கால்களுக்கிடையிலும், பின் சக்கரம் இருந்த இடத்திலும் இடைக்கட்டை வைக்காமல் பெட்டியை மூடாதீர்கள். புதிய சைக்கிளுடன் வரும் பிளாஸ்டிக் கட்டையைக் கடையில் கேட்டு வாங்கலாம். அது இல்லாதபோது பெட்டியின் மேல் இன்னொரு கனமான பொதி விழுந்தால், ஃபோர்க் உள்நோக்கி நசுங்கும். அச்சுகளைத் தனியே பைக்குள் போடாமல் அவற்றின் இடத்திலேயே மீண்டும் திருகிவிடுங்கள், தொலையாது.

சட்டத்தின் குழாய்களைச் சுற்றுவதற்கு ஏசிக் குழாய்களில் போடும் கறுப்பு ஃபோம் உறையைவிடச் சிறந்ததை நான் காணவில்லை. கொழும்பில் வன்பொருள் கடைகளில் நீளக்கணக்கில் கிடைக்கும். பக்கவாட்டில் கீறினால் குழாயின்மேல் தானே பொருந்தி நிற்கும். ஹேண்டிலை ஸ்டெம்மிலிருந்து கழற்றிச் சட்டத்தின் ஓரமாக இறக்கிக் கட்டுங்கள். கேபிளோ ஹைட்ராலிக் குழாயோ கூர்மையாக மடியக் கூடாது. சக்கரங்களைச் சட்டத்தின் இருபுறமும் வைத்து, அச்சு முனை சட்டத்தில் உரசாதபடி நடுவில் ரெஜிபோம் தாள் செருகுங்கள். எல்லாம் முடிந்தபின் பெட்டியைத் தூக்கிக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது அசைந்தால் திரும்பத் திறந்து கட்டுங்கள். அசைவதுதான் தேய்க்கும்.

டயரில் காற்றை முழுவதும் இறக்க வேண்டுமா என்பது எப்போதும் கேட்கப்படும் கேள்வி. சரக்கு அறையும் பயணிகள் அறையைப் போலவே அழுத்தம் பேணப்படும் இடம் என்பதால் டயர் வெடிக்காது. ஆயினும் பல நிறுவனங்கள் காற்றைக் குறைக்கச் சொல்கின்றன. சிறிதளவு விட்டுவைத்தால் விதியும் நிறைவேறும், ரிம்முக்கும் மெத்தை கிடைக்கும்.

பற்றரி, வாயு, உணவு

லித்தியம் பற்றரிக்கு விதி கண்டிப்பானது. பவர் பேங்கும் உதிரிப் பற்றரிகளும் கைப்பையில் மட்டுமே செல்லலாம். பெட்டிக்குள் வைத்தால் ஊடுகதிர்ச் சோதனையில் கண்டு, பெட்டியைத் திறப்பார்கள். 100 வாட்-மணி வரை அனுமதி, 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதலுடன், அதற்கு மேல் இல்லை. 20,000 மில்லி அம்பியர் மணி என்று குறித்த பவர் பேங்க் 74 வாட்-மணி அளவில் வருவதால் எல்லைக்குள் அடங்கும். அளவு அழிந்துபோன பவர் பேங்கை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். விளக்குகளையும் சைக்கிள் கணினியையும் கழற்றிக் கைப்பையில் எடுத்துச் செல்வதே நல்லது.

டயருக்குக் காற்றடைக்கும் சிறு கரியமில வாயுக் குப்பிகளைச் சில நிறுவனங்கள் எண்ணிக்கை வரம்புடன் ஏற்கும், சில நாடுகளின் பாதுகாப்புப் பிரிவுகள் பறித்துவிடும். அதற்காக வாதாடுவதைவிட நல்ல கைப்பம்பு ஒன்று கொண்டுபோய், குப்பியை அங்கே வாங்குங்கள். ஸ்பிரே வகை எண்ணெய்களும் அப்படியே.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாற்பொருட்களும் கொண்டுசெல்லத் தடை. ஆகையால் பால் கலந்த இனிப்பு வேண்டாம். எள்ளுருண்டை, வறுத்த கஜு, பேரீச்சம்பழம் ஆகியவற்றுக்குச் சிக்கல் இல்லை. இரண்டாவது இரவில் இனிப்பு ஜெல்லைப் பார்த்தாலே குமட்டும் வேளையில், வாய்க்குப் பழகிய ஓர் எள்ளுருண்டை உள்ளே இறங்கும். உட்கொள்ளும் மருந்துகளுக்கு வைத்தியரின் சீட்டு அவசியம்.

கட்டுநாயக்காவில்

கொழும்பிலிருந்து விமான நிலையம் ஏறத்தாழ 35 கி.மீ. கார் பின்னாசனத்தில் 140 செ.மீ. பெட்டி கிடையாகச் செல்லாது. பின்னிருக்கைகளை மடிக்கக்கூடிய வான் ஒன்றை முதல் நாளே ஒழுங்கு செய்யுங்கள். சாரதியிடம் பெட்டியின் அளவைச் சொல்லிவிடுவது நல்லது. நான்கு மணித்தியாலங்களுக்கு முன் சென்றுவிடுங்கள். பெரிய பொதி வழக்கமான பட்டையில் செல்லாமல் தனி வழியில் சோதிக்கப்படும். திறந்து காட்டச் சொல்லவும் கூடும். எனவே ஒட்டும் டேப்பின் ஒரு சுருளைக் கையில் வைத்திருங்கள். பெட்டிக்குள் மேலே ஒரு தாளில், எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்ற சிறு வரைபடமும், மூடும்போது டிரெய்லியர் எந்தப் பக்கம் வர வேண்டும் என்ற குறிப்பும் ஆங்கிலத்தில் எழுதி வையுங்கள். உங்கள் கண்முன் இல்லாமல் திறக்கும் அதிகாரிக்கு அந்தத் தாள்தான் வழிகாட்டும்.

சப்பாத்து, தலைக்கவசம், ஓட்ட உடை ஒரு தொகுதி, விளக்குகள், அளவுத் தாள் இவை கைப்பையில் செல்லட்டும். பெட்டி தாமதித்தாலும் வாடகைச் சைக்கிளில் போட்டியைத் தொடங்க இவை போதும். அலன் சாவிகளும் கத்தியும் பெட்டிக்குள்.

அங்கே இறங்கிய பின்

பெட்டியைப் பெற்றுக்கொண்டதும் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் நாற்புறமும் பாருங்கள். கிழிசல், நசுங்கல் இருந்தால் படமெடுத்து, அங்கேயே பொதி முறைப்பாட்டு மேசையில் எழுத்தில் பதிவு செய்து பிரதி வாங்குங்கள்.

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 2023இல் ரம்பூயே நகரிலிருந்து தொடங்கியது. சார்ல்ஸ் து கோல் விமான நிலையத்திலிருந்து அங்கே செல்ல நகரின் ஊடாக ரயில் மாறி, மொம்பர்நாஸ் நிலையத்திலிருந்து இன்னொரு ரயில் எடுக்க வேண்டும். பெரிய பெட்டியுடன் படிக்கட்டுகளில் ஏறி இறங்குவது முதல் நாளிலேயே முதுகைக் கெடுக்கும். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு வான் பிடிப்பதே என் ஆலோசனை.

சைக்கிளை அன்றே பூட்டிவிடுங்கள். களைப்பு என்று மறுநாளைக்குத் தள்ளினால், குறை ஏதும் தெரியவரும்போது கடை மூடியிருக்கும். பிரான்ஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் பல கடைகள் திறப்பதில்லை. ஆணிகளில் அச்சிடப்பட்டிருக்கும் முறுக்கு அளவை மீறாமல் இறுக்குங்கள். கார்பன் ஹேண்டிலின் ஸ்டெம் ஆணிகளுக்கு அது பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். அளவு காட்டும் சிறு சாவி ஒன்று பெட்டியில் இருந்தால் ஊகத்துக்கு இடமில்லை. பிறகு 30 கி.மீ. ஓடி, எல்லாக் கியர்களையும் மாற்றி, ஒரு சரிவில் இரு பிரேக்குகளையும் கடுமையாகப் பிடித்துப் பார்த்து, திரும்பி வந்து ஆணிகளை மீண்டும் ஒரு தடவை பாருங்கள். நம் நாட்டுச் சைக்கிள்களில் வலக் கை லீவர் முன் பிரேக். பிரான்ஸில் இடக் கை. வாடகைச் சைக்கிள் எடுப்பவர் முதலில் சரிபார்க்க வேண்டியது இதுவே.

வலப்பக்கமாக ஓடுவது நேரான சாலையில் ஒரு மணித்தியாலத்தில் பழகிவிடும். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இரவு மூன்று மணிக்கு, ஓட்டப் பாதையிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்தில் சாப்பிட்டுவிட்டு வெறிச்சோடிய சாலைக்குள் திரும்பும்போது, நித்திரை மயக்கத்திலிருக்கும் மூளை காலி வீதியில் பழகியபடி இடப்பக்கத்தையே பிடிக்கும். ஹேண்டிலின் நடுவில், கண்ணில் படும்படி, வலப்புறம் காட்டும் சிவப்பு அம்பு ஒன்றை டேப்பால் ஒட்டுங்கள். சுற்றுவட்டங்களில் வண்டிகள் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும் என்பதையும், அறிவிப்பு இல்லாத சிறு சந்திகளில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை என்பதையும் நினைவில் வையுங்கள். அவசர உதவிக்கு ஐரோப்பா எங்கும் 112.

பிரெஞ்சு நேரம் கோடையில் நமக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னே இருப்பதால் உடல் விரைவில் பழகும். கொழும்புக்காரரை அதிகம் வாட்டுவது குளிர்தான். ஆகஸ்டிலும் பிரான்ஸின் மேற்கிலுள்ள பிரிட்டனிப் பகுதியில் அதிகாலை வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்குவதுண்டு. வியர்வையில் நனைந்த உடையுடன் நீண்ட இறக்கம் ஒன்றில் இறங்கினால் விரல்கள் விறைத்து லீவரைப் பிடிக்க முடியாமல் போகும். இதற்கான ஒத்திகை மேடை நம்மிடமே இருக்கிறது. அவிசாவளை, ஹட்டன் வழியாக, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறி, அங்கே இரவில் ஓடி, விடிவதற்கு முன் இறங்குங்கள். எந்தக் கையுறை போதவில்லை, எந்த மழைச்சட்டை மூச்சுவிடவில்லை, கைவிளக்கின் ஒளி எந்த வளைவில் போதவில்லை என்பதெல்லாம் அந்த ஒரே இரவில் தெரிந்துவிடும். முன் பின் விளக்குகளும் ஒளி தெறிக்கும் மேலாடையும் இரவில் கட்டாயம் என்பதால் அவற்றுடனேயே இந்த ஒத்திகையைச் செய்யுங்கள்.

திரும்பி வருதல்

மூன்று இரவுகள் நித்திரையில்லாமல் ஓடிய கைகள் பெட்டி கட்டும் வேலைக்குத் தகுந்தவை அல்ல. முடிந்த மறுநாள் ஓய்வு, அதற்கு அடுத்த நாள் பெட்டி, மூன்றாம் நாள் விமானம் என்று திகதி வையுங்கள். ஓட்டம் முடியும்வரை பெட்டியைத் தங்குமிடத்தில் வைத்துச் செல்ல முன்பே அனுமதி பெற்றிருக்க வேண்டும்; சொல்லாமல் விட்டுச்சென்ற அட்டைப்பெட்டி குப்பைக்குப் போயிருக்கலாம்.

கட்டுநாயக்காவில் இறங்கியபின், பெட்டி நன்றாகத் தெரிந்தாலும் ஒரு வாரம் மூடியபடி வைத்திருக்காதீர்கள். விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மொன்ட்ரியால் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில், பொதியின் சேதத்தைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து 7 நாட்களுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். தாமதத்துக்கு 21 நாட்கள். அந்தக் காலம் கடந்தால் உரிமை போய்விடும். வீட்டுக்கு வந்த அன்றோ மறுநாளோ ஃபோம் உறைகளைக் கழற்றி, சட்டத்தை ஈரத்துணியால் துடைத்து, கழுத்துப் பகுதி, கிராங்க் அச்சைச் சுற்றியுள்ள பகுதி, பின் கால்களின் முனை ஆகிய இடங்களில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கார்பனில் நகம் தடுக்கும் கோடு இருந்தால் அது வெறும் கீறலா, வெடிப்பா என்று தேர்ந்த ஒருவர் சொல்லும்வரை அந்தச் சைக்கிளில் ஏற வேண்டாம். அட்டைப்பெட்டியைப் பொறுத்தவரை, போய்த் திரும்பிய இரண்டு பயணங்களோடு அதன் வேலை முடிந்துவிட்டது; நனைந்து காய்ந்த அட்டைக்கு வெளியே தெரியாமலே உறுதி போயிருக்கும், அடுத்த போட்டிக்குக் கடையில் வேறொன்று கேளுங்கள்.